பிஸ்டல் போட்டியில் பிரிவு மாறும்போது உண்மையில் மாறுவது என்ன?

நகர்ந்துகொண்டே பல இலக்குகளைச் சுடும் போட்டியான நடைமுறைத் துப்பாக்கி சுடுதலில், துப்பாக்கியின் வகைப்படி வகுத்த ஒரு பிரிவை விட்டு இன்னொன்றுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் துப்பாக்கியைத்தான் தேடுகிறார்கள். எந்த மாடல், டிரிகர் எப்படி, ரெட் டாட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் சைட்) எது என்று வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். ஆனால் மாறிய பின் வரும் முதல் சில போட்டிகளில் மதிப்பெண் போவது வேறு இடங்களில். இலக்கின் நடுவான ஏ மண்டலத்தைத் தவறி சி மண்டலத்தில் படும் ஒரு தோட்டாவுக்கு இப்போது என்ன விலை என்பது மனதில் ஏறியிருக்காது. ஸ்டேஜை, அதாவது இலக்குகள் அமைத்த களத்தை, நடந்து பார்க்கும்போது பழைய மேகசின் கணக்கே தலையில் ஓடும். சேஃப்டியையும் பெல்ட்டையும் பற்றிய புது விதி கைக்குப் பழகியிருக்காது. துப்பாக்கிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் போட்டியின் உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி. 1976 மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் தொடங்கப்பட்டது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலு, வேகம் மூன்றையும் ஒரே மதிப்பெண்ணில் அளப்பது அதன் அடிப்படை. அப்போது இன்றிருப்பதுபோல் பிரிவுகள் இல்லை. 1990-இல் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியை டக் கோனிக் ரெட் டாட் பொருத்திய துப்பாக்கியால் வென்றார். அந்தக் காலகட்டத்தில் கருவிகள் ஓடிய வேகத்தில், சாதாரணத் துப்பாக்கியோடு வருபவருக்கும் நியாயமான களம் வேண்டும் என்ற தேவை எழுந்தது. பிரிவுகள் அதற்காகப் பிறந்தவை. ஒவ்வொரு பிரிவும் சில வசதிகளைக் கொடுத்து சிலவற்றைப் பறிக்கிறது. பறிபோன வசதியின் இடத்தில் எந்தத் திறமை வந்து நிற்க வேண்டும் என்பதே பிரிவு மாறுபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சி மண்டலத்தின் விலை

காகித இலக்கில் ஏ மண்டலத்துக்கு எல்லாருக்கும் 5 புள்ளி. மேஜர் (அதிக வலு) என்று ஏற்கப்பட்ட தோட்டாவுக்குச் சி மண்டலத்தில் 4, டி மண்டலத்தில் 2. மைனருக்கு (குறைந்த வலு) சி 3, டி 1. மொத்தப் புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்தால் ஹிட் ஃபேக்டர் வரும். அந்த ஸ்டேஜில் அதிக ஹிட் ஃபேக்டர் எடுத்தவருக்கு முழு மதிப்பெண். மற்றவர்களுக்கு அவரோடு ஒப்பிட்ட விகிதம்.

32 தோட்டா கொண்ட ஒரு நீண்ட ஸ்டேஜை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஸ்டாண்டர்ட் பிரிவில் மேஜரில் சுட்டு 24 ஏ, 8 சி, 18 விநாடி எடுக்கிறார். 152 புள்ளி, ஹிட் ஃபேக்டர் 8.44. அதே கைவேலையை அப்படியே ப்ரொடக்‌ஷன் பிரிவுக்குக் கொண்டுபோனால் அங்கே மைனர் மட்டும்தான். அதே 24 ஏ, 8 சி இப்போது 144 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 8.00. இழந்ததை வேகத்தால் ஈடுகட்ட வேண்டுமானால் 17.05 விநாடியில் முடிக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒரு விநாடி குறைய வேண்டும். அல்லது அதே நேரத்தில் சி-க்களை எட்டிலிருந்து நான்காகக் குறைக்க வேண்டும். இரண்டாவதுதான் நடக்கக்கூடிய காரியம். மேஜரிலிருந்து மைனருக்கு வருபவர் தன் சி எண்ணிக்கையைப் பாதியாக்கினால்தான் பழைய இடத்தில் நிற்க முடியும்.

ஒரு புள்ளிக்கு எத்தனை விநாடி என்பதை மனக்கணக்காகவே போடலாம்: ஒன்றை ஹிட் ஃபேக்டரால் வகுக்க வேண்டும். 8 ஹிட் ஃபேக்டர் ஸ்டேஜில் ஒரு புள்ளி 0.125 விநாடி. அங்கே மைனரில் ஒரு சி என்பது கால் விநாடி, மேஜரில் அதில் பாதி. தூர இலக்குகளும் கடினமான நிலைகளும் நிறைந்த 4 ஹிட் ஃபேக்டர் ஸ்டேஜில் மைனரின் சி அரை விநாடி ஆகிவிடும். ஆகவே மெதுவான ஸ்டேஜில் மைனர்காரர் இன்னொரு முறை சைட்டைப் பார்த்து அழுத்துவது லாபம். மேஜர்காரருக்கு அது பல சமயம் நஷ்டம். ஒரு மிஸ்ஸோ இரு பிரிவிலும் ஒரே அளவு வலிக்கும். கிடைக்காமல் போன 5 புள்ளியும் 10 புள்ளி தண்டனையும் சேர்ந்து 15. 8 ஹிட் ஃபேக்டரில் அது ஏறக்குறைய 1.9 விநாடி.

மேஜர், மைனர் தகுதியை நிர்ணயிப்பது பவர் ஃபேக்டர். தோட்டா முனையின் எடையை கிரெய்னிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. 147 கிரெய்ன், 900 அடி வேகம் என்றால் 132.3. இது 125 என்ற மைனர் எல்லையைப் பத்திரமாகத் தாண்டும். ஐ.பி.எஸ்.சி. பிரிவுகளில் ஸ்டாண்டர்டிலும் கிளாசிக்கிலும் மேஜருக்கு 170 வேண்டும், ஓப்பனில் 160. அமெரிக்க அமைப்பான யு.எஸ்.பி.எஸ்.ஏ. விதியில் மேஜர் 165. இங்கேதான் அமைப்பு மாறுபவர்கள் இடறுகிறார்கள். 180 கிரெய்ன் முனை 935 அடியில் போனால் 168.3, யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் மேஜர், ஐ.பி.எஸ்.சி. ஸ்டாண்டர்டில் மைனர். தோட்டாவின் வேகத்தை அளக்கும் க்ரோனோவில் இது தெரியவந்தால் மொத்தப் போட்டியும் மைனராக எண்ணப்படும். மைனர் எல்லையையே எட்டாவிட்டால் மதிப்பெண்ணே கிடையாது. எல்லைக்கு மேல் நாலைந்து புள்ளியாவது இடைவெளி விட்டுத் தோட்டா தேர்ந்தெடுப்பது நல்லது. குளிரிலும் வேறு நீளக் குழலிலும் வேகம் மாறும். போட்டி நடத்துபவரின் க்ரோனோவும் உங்களுடையதும் ஒரே எண்ணைக் காட்டும் என்ற உறுதியும் இல்லை.

மேகசின் கணக்கும் கால்களும்

புள்ளிக் கணக்கை ஒரு மாலையில் கற்றுவிடலாம். மேகசின் கணக்கு கால்களுக்குள் இறங்க மாதங்கள் ஆகும்.

ஐந்து இடங்களிலிருந்து சுட வேண்டிய 32 தோட்டா ஸ்டேஜ் ஒன்றில் முதல் இடத்தில் 8, பிறகு 6, 8, 4, கடைசியில் 6 என்று வைத்துக்கொள்வோம். ஓப்பனில் 170 மில்லிமீட்டர் மேகசினில் 29 தோட்டா, துப்பாக்கிக் குழலின் அறையில் ஒன்று என்றால் கையில் 30. ஒரே ஒரு ரீலோடு. நீளமான ஓட்டம் எங்கே வருகிறதோ அங்கே வைத்துக்கொள்ளலாம். ஸ்டாண்டர்டில் 18-உம் 1-உம் சேர்ந்து 19. இரண்டாம் இடம் முடிந்ததும் ரீலோடு செய்தால் மீதி 18-ஐயும் ஒரே மேகசினில் முடிக்கலாம். கூடுதலாக ஒரே ஒரு தோட்டாதான் இருக்கும். வழியில் ஒரு ஸ்டீல் பாப்பர் (பட்டால் விழும் உலோக இலக்கு) இருந்து இரண்டு முறை தவறினால் கதை முடிந்தது. எனவே அனுபவசாலி நான்காம் இடத்துக்கோ ஐந்தாம் இடத்துக்கோ போகும் வழியில் இன்னொரு ரீலோடை முன்கூட்டியே திட்டத்தில் எழுதிக்கொள்வார். ஐ.பி.எஸ்.சி. ப்ரொடக்‌ஷனில் தொடக்க ஒலியின்போது எந்த மேகசினிலும் 15-க்கு மேல் இருக்கக்கூடாது. அறையில் இருப்பதோடு 16. இரண்டாம் இடத்துக்குப் பின் ஒன்று, நான்காம் இடத்துக்குப் பின் ஒன்று என இரண்டு ரீலோடுகள். கிளாசிக்கில் மேஜருக்கு மேகசினுக்கு 8, மைனருக்கு 10. மேஜரில் சுடுபவர் ஒவ்வோர் இடமும் மாறும்போது மேகசினை மாற்றியே ஆக வேண்டும், நான்கு ரீலோடு. எட்டுத் தோட்டா தேவைப்படும் இடங்களில் கையில் மிஞ்சுவது ஒன்றுதான்.

ஒரே இடத்திலிருந்தோ ஒரே பார்வையிலிருந்தோ 8 தோட்டாவுக்கு மேல் கேட்கக்கூடாது என்று யு.எஸ்.பி.எஸ்.ஏ. ஸ்டேஜ் அமைப்பவரைக் கட்டுப்படுத்துகிறது, ஐ.பி.எஸ்.சி.யில் அது 9. குறைந்த கொள்ளளவுப் பிரிவுகள் உயிரோடு இருப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

அதிகக் கொள்ளளவிலிருந்து குறைந்த கொள்ளளவுக்கு வருபவர் ரீலோடு வேகத்தைப் பற்றியே கவலைப்படுவார். நேரம் அதைவிட அதிகமாகப் போவது நின்ற இடத்தில் ரீலோடு செய்வதால். நடக்கும்போது செய்த ரீலோடு கிட்டத்தட்ட இலவசம். நின்று செய்தது 1.3 விநாடி என்றால் 8 ஹிட் ஃபேக்டரில் பத்துப் புள்ளி போயிற்று. ஆகவே முதலில் பழக வேண்டியது, ஒரு இடத்தின் கடைசித் தோட்டா போன கணத்தில் கால் நகர்வதும் கட்டைவிரல் மேகசின் பட்டனை அழுத்துவதும் ஒன்றாக நடப்பது. அடுத்த இடத்துக்குள் நுழையும் முன்பே மேகசின் உள்ளே போய், துப்பாக்கி கண்மட்டத்துக்கு ஏறியிருக்க வேண்டும். இதைத் தோட்டா இல்லாமலேயே, துப்பாக்கி காலி என்று இரண்டு முறை சரிபார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, நாலடி நடையோடு பழகலாம்.

எதிர்த்திசையில், அதாவது கிளாசிக்கிலிருந்து ஓப்பனுக்குப் போகும்போது, வேறொரு பழக்கம் தடையாகும். தேவையில்லாத இடத்தில் கை தானாக மேகசின் பைக்குப் போகும். நேர இழப்பு பெரிதல்ல. ஆனால் கவனம் கலைந்து அடுத்த இலக்கில் சி விழும். ரிவால்வருக்குப் போகிறவர்கள் மூன் கிளிப்பை (தோட்டாக்களை ஒன்றாகப் பிடிக்கும் மெல்லிய தகட்டை) கவனிக்க வேண்டும். லேசாக வளைந்த கிளிப்கூடச் சிலிண்டரைச் சுற்ற விடாது. போட்டிக்கு முன் ஒவ்வொரு கிளிப்பையும் சிலிண்டரில் போட்டுச் சுழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இதை ரேஞ்ச் விதி அனுமதிக்கும் இடத்தில், அதற்கான பாதுகாப்பு முறைப்படி செய்ய வேண்டும்.

கண்

இரும்பு சைட்டிலிருந்து ரெட் டாட்டுக்கு மாறுபவர்களின் முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: துப்பாக்கியை உயர்த்தினால் புள்ளி தெரியவில்லை. இரும்பு சைட்டில் துப்பாக்கி கொஞ்சம் சாய்ந்து வந்தாலும் முன் சைட் எங்கேயாவது கண்ணில் படும், கை திருத்திக்கொள்ளும். டாட்டில் கோணம் தவறினால் கண்ணாடி வெறுமையாக இருக்கும். எந்தப் பக்கம் திருத்துவது என்ற தகவலே இருக்காது. பெரும்பாலும் முனை மேலே தூக்கியிருப்பதுதான் காரணம். பொதுவாக டாட் சைட் இரும்பு சைட்டைவிட உயரத்தில் இருக்கிறது. பழைய பழக்கத்தில் வரும் கை அந்த உயரத்துக்குப் பழகவில்லை.

இதற்கு மருந்து, கண்ணை இலக்கின் ஒரு சிறு புள்ளியில் நிறுத்தி, துப்பாக்கியை அந்தப் பார்வைக் கோட்டுக்குள் கொண்டுவருவது. கண்ணாடியின் முன்பக்கத்தில் காகித டேப் ஒட்டி மறைத்துவிட்டு இரண்டு கண்ணும் திறந்து பயிற்சி செய்தால், ஒரு கண் புள்ளியையும் மற்றது இலக்கையும் காணும். கண்ணாடிக்குள் உற்றுப் பார்க்கும் பழக்கம் சில அமர்வுகளில் போய்விடும். போட்டிக்கு முன் டேப்பை எடுக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும்.

புள்ளியின் அளவைத் தேர்வதிலும் கணக்கு உண்டு. எம்.ஓ.ஏ. என்ற கோண அளவில் ஒன்று என்பது 25 மீட்டரில் 7.3 மில்லிமீட்டர். 6 எம்.ஓ.ஏ. புள்ளி அங்கே 4.4 சென்டிமீட்டரை மறைக்கும். வேகமான ஸ்டேஜில் சட்டென்று கண்ணுக்குப் படும். 2.5 எம்.ஓ.ஏ. 1.8 சென்டிமீட்டர்தான், தூரத்துத் தட்டுகளுக்கு வசதி, வெயிலில் தேட வேண்டிவரும். வெளிச்சத்தை மிகைப்படுத்தினால் எந்தப் புள்ளியும் பூவாக விரியும். நிழலிலிருந்து வெயிலுக்கு ஓடும் ஸ்டேஜில், வெயிலில் இருக்கும் இலக்குக்கு ஏற்ப வைப்பதே பாதுகாப்பு. சைட்டின் உயரம் கிட்டத்தில் இன்னொரு வேலை காட்டும். 25 மீட்டருக்குச் சரிசெய்த டாட்டில் 3 மீட்டரில் சுட்டால், தோட்டா புள்ளிக்குக் கீழே ஏறக்குறைய சைட்டின் உயர அளவுக்கே இறங்கிப் படும். சுடக்கூடாத இலக்கான நோ-ஷூட்டின் மேல் விளிம்பை ஒட்டிக் கிட்டத்தில் சுடும்போது இதை மறந்தால் தண்டனை வரும்.

டாட்டிலிருந்து இரும்புக்குத் திரும்புபவருக்குப் பிரச்சினை மறுபக்கம். இலக்கையே பார்த்துப் பழகிய கண் 7 மீட்டரில் தாக்குப்பிடிக்கும், 20 மீட்டரில் சிதறும். தூர இலக்குக்கு மட்டும் முன் சைட்டுக்குக் கவனத்தை இழுத்துக்கொண்டு வரும் பழக்கத்தை மறுபடி கட்ட வேண்டும். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டி முன் சைட்டே மங்கலாகிவிட்டவர்கள் டாட் பிரிவுக்குப் போவது முழுக்க நியாயமான முடிவு. பயிற்சியால் திருத்த முடியாததைக் கருவியால் திருத்துவதில் எந்தக் குறையும் இல்லை.

டிரிகர், சேஃப்டி, ஹேமர்

மதிப்பெண்ணை விடப் பெரிய ஆபத்து இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இங்கே தவறினால் போட்டியிலிருந்தே வெளியேற்றப்படுவீர்கள்.

வெளியே ஹேமர் (தட்டும் சுத்தி) இல்லாத ஸ்ட்ரைக்கர் வகைத் துப்பாக்கியிலிருந்து, ஹேமர் பின்னிழுத்த நிலையிலிருந்தே சுடும் 1911, 2011 வகை சிங்கிள் ஆக்‌ஷனுக்கு வருபவருக்குக் கட்டைவிரல் சேஃப்டி புதிது. தோட்டா ஏற்றிய சிங்கிள் ஆக்‌ஷன் துப்பாக்கியைச் சேஃப்டி போடாமல் ஹோல்ஸ்டரில் வைத்தால் தகுதிநீக்கம். தோட்டா ஏற்றச் சொல்லும் மேக் ரெடி கட்டளைக்குப் பிறகு செய்யும் வரிசையை ஒரே மாதிரி, எப்போதும் மாறாமல், வைத்துக்கொள்ள வேண்டும்: மேகசின் உள்ளே, ஸ்லைடு இழுத்து விடுதல், அறையைச் சரிபார்த்தல், சேஃப்டி மேலே, விரலால் தொட்டு உறுதி, பிறகு ஹோல்ஸ்டர். உருவும்போது சேஃப்டியைத் தள்ள மறப்பது நேரத்தை மட்டும் தின்னும். அதற்கு எளிய வழி கட்டைவிரலைச் சேஃப்டியின் மேலேயே வைத்துப் பிடிப்பது. பிடி அமைந்த கணத்திலேயே அது இறங்கிவிடும்.

சி.இசட். ஷேடோ 2 போன்ற, டிரிகர் இழுப்பே ஹேமரையும் பின்னிழுக்கும் டபுள் ஆக்‌ஷன் துப்பாக்கியோடு ஐ.பி.எஸ்.சி. ப்ரொடக்‌ஷனுக்கு வருபவர் ஹேமரை இறக்கித்தான் தொடங்க வேண்டும். அந்தத் துப்பாக்கியில் ஹேமரைப் பாதுகாப்பாக இறக்கும் டீகாக்கர் இல்லை. அறையில் தோட்டா இருக்க, டிரிகரை அழுத்திக்கொண்டே ஹேமரைக் கையால் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். வழுக்கினால் தோட்டா வெடிக்கும், போட்டி அங்கேயே முடியும். முனையைத் தடுப்பு மேட்டை நோக்கி வைத்து, இடது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஹேமரின் இரு பக்கமும் கொடுத்து, ஹேமர் நகரத் தொடங்கியதும் டிரிகரை விட்டுவிட்டு இறக்குவது வழக்கம். அவசரமே கூடாத வேலை இது. காலித் துப்பாக்கியில் நூற்றுக்கணக்கான முறை செய்து பழகிய பிறகே போட்டிக்கு வர வேண்டும்.

அதே பிரிவில் டிரிகருக்கும் எல்லை உண்டு: முதல் தோட்டாவுக்குக் குறைந்தது 2.27 கிலோ, அல்லது எல்லாத் தோட்டாவுக்கும் குறைந்தது 1.36 கிலோ. டபுள் ஆக்‌ஷனின் நீண்ட முதல் இழுப்பில் மொத்தக் கையும் இறுகி, வலக்கைக்காரருக்குத் தோட்டா கீழே இடப்பக்கம் போகும். கைகள் நீளும் கடைசிக் கட்டத்தில், முனை இலக்கின் மேல் வந்ததும் இழுக்கத் தொடங்கி, சைட் நிலைக்கும்போது முடிப்பதே சரியான தாளம். ஸ்டேஜ் அனுமதித்தால் முதல் இலக்காக அருகில் உள்ள, மறைப்பில்லாத ஒன்றைத் தேர்வது புத்திசாலித்தனம். இரண்டாம் தோட்டாவுக்கு டிரிகர் சட்டென்று இலேசாகிவிடும். ஆகவே பயிற்சியில் ஒற்றைத் தோட்டா போதாது, ஜோடியாகவே சுட வேண்டும்.

பெல்ட் பற்றிச் சுருக்கமாக. ஓப்பனில் ஹோல்ஸ்டரையும் மேகசின் பையையும் இடுப்பின் முன்பக்கம் வைக்கலாம். ப்ரொடக்‌ஷனில் எல்லாம் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஸ்டாண்டர்டில் மேகசினோடு சேர்த்துத் துப்பாக்கி 225 × 150 × 45 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். கொண்டுவரும் ஒவ்வொரு மேகசினையும் போட்டு வீட்டிலேயே அளந்து பாருங்கள். பிரிவின் விதியைப் போட்டியின் நடுவே மீறியது தெரிந்தால் ஓப்பனுக்கு மாற்றிவிடுவார்கள். மேகசினில் இருந்த 16-ஆவது தோட்டா ஒன்றுக்காக, ப்ரொடக்‌ஷன் துப்பாக்கியோடு ஓப்பன்காரர்களுக்கு நடுவே முடிவுப் பட்டியலில் உட்கார வேண்டியிருக்கும். விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்புப் பதிப்பில் உங்கள் பிரிவின் பின்னிணைப்பை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

மாற்றத்தை அளப்பது

போட்டி முடிவின் சதவீதம் முன்னேற்றத்தைக் காட்டாது. அது அந்தப் பிரிவில் அன்றைக்கு வந்த சிறந்தவரோடு ஒப்பிட்ட எண். பிரிவு மாறினால் ஒப்பிடும் ஆளும் மாறுகிறார். அதற்குப் பதில், மாறுவதற்கு முன் பழைய துப்பாக்கியால் எல் பிரெசிடென்டேயும் பில் டிரில்லும் சுட்டு எழுதி வைக்கலாம். முதலாவது 10 கஜத்தில் மூன்று இலக்கு, முதுகு காட்டி நின்று திரும்பி ஒவ்வொன்றிலும் இரண்டு, ரீலோடு, மறுபடி இரண்டு என 12 தோட்டா. இரண்டாவது 7 கஜத்தில் ஒரே இலக்கில் 6 தோட்டா. புள்ளியையும் நேரத்தையும் தனித்தனியே குறியுங்கள்; ரீலோடு நேரத்தையும் முதல் தோட்டா நேரத்தையும் டைமரிலிருந்து பிரித்து எழுதுங்கள். புதிய துப்பாக்கியில் மொத்த நேரம் கூடியிருந்தால், கூடியது உருவும் இடத்திலா, ரீலோடிலா, இலக்கிலிருந்து இலக்குக்கு நகர்வதிலா என்று உடனே தெரியும். பயிற்சி நேரத்தை அங்கேயே கொட்டலாம்.

ஒரே சமயத்தில் துப்பாக்கி, தோட்டா, ஸ்பிரிங், பிடி டேப் எல்லாவற்றையும் மாற்றினால் எது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மேஜருக்கு அமைத்த ரீகாயில் ஸ்பிரிங்கோடு மெல்லிய மைனர் தோட்டாவைச் சுட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் வெற்றுக்கூடு வாயில் சிக்கும். டாட் பொருத்தியதால் ஸ்லைடின் எடை கூடிய துப்பாக்கியிலும் இதே தொல்லை வரலாம். டாட்டின் திருகுகளுக்குத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு விசையைக் கொடுத்து, திரெட் லாக்கர் போட்டு, திருகின் தலையிலிருந்து உடல்வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகினால் திருகு தளர்கிறது. சைட் சரியாக இருந்தும் தோட்டா இடம் மாறுவதற்கு முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இரண்டு பிரிவுகளில் மாறி மாறிச் சுடலாமா என்று பலர் கேட்பார்கள். துப்பாக்கியின் குடும்பம் ஒன்றாக இருந்தால் சமாளிக்கலாம். ஷேடோ 2-ஐ இரும்பு சைட்டோடு ப்ரொடக்‌ஷனிலும் அதன் டாட் வடிவத்தை ப்ரொடக்‌ஷன் ஆப்டிக்ஸிலும் சுடுபவருக்குப் பிடி, டிரிகர், ஹேமர் இறக்கும் முறை எல்லாம் ஒன்றுதான். கண் மட்டும் மாறுகிறது. ஸ்ட்ரைக்கர் வகை க்ளாக்கையும் 1911-ஐயும் வாரத்துக்கு ஒன்றாக எடுப்பது வேறு கதை. பிடியின் கோணம் வேறு, சேஃப்டி வேறு. ஒன்றில் இயல்பாக நேராக வரும் முனை மற்றதில் மேலோ கீழோ நிற்கும். தகுதிநீக்க ஆபத்தும் கூடவே வரும். அப்படிச் சுட விரும்புபவர் ஒரு பருவத்தை ஒரு துப்பாக்கிக்கே கொடுத்துவிட்டு அடுத்த பருவத்தில் மாறுவது மேல்.

யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் சுடுபவர்கள் தரவரிசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு பிரிவில் பெற்ற உயர்ந்த தரத்துக்கு ஒரு படிக்கு மேல் கீழே மற்றப் பிரிவுகளில் வைக்க மாட்டார்கள். கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் ஏ தரம் (75 சதவீதம் முதல்) வாங்கியவர் சிங்கிள் ஸ்டேக் பிரிவில் ஒரு போட்டிகூடச் சுடாமலேயே குறைந்தது பி தரத்தில் நிற்பார். தரவாரியாகப் பரிசு கொடுக்கும் பெரிய போட்டிக்குப் புதிய பிரிவில் பெயர் கொடுக்கும்போது, பல ஆண்டுகளாக எட்டுத் தோட்டா மேகசினோடு ஓடிப் பழகிய பி தரத்தாரோடுதான் அவர் போட்டியிட வேண்டும். பதிவு செய்யும் முன் அந்தப் பிரிவில் கிளாசிஃபையர் (தரத்தை நிர்ணயிக்கும் ஸ்டேஜ்) சில சுட்டுப் பார்த்தால், தன் உண்மையான சதவீதம் எங்கே நிற்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.